பத்தொன்பதாவது அட்டை

நாரிஸ் கடைசியாக என்னிடம் கேட்டது, இஞ்சிக் கேக்கில் இன்னொரு துண்டு கிடைக்குமா என்றுதான். ஓரத் துண்டு வேண்டும் என்றார். அதில்தான் பாகு நன்றாக இறங்கியிருக்கும். நான் வெட்டி எடுத்துக்கொண்டு போனபோது அவருக்கு அது தேவைப்படவில்லை.

நிதானமாகச் சொல்லுங்கள் என்கிறீர்கள். முயற்சி செய்கிறேன். ஆனால் எங்கள் நாற்பத்தொரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தது தேர்வுக்குப் படித்த இந்தப் பன்னிரண்டு வாரம்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு முந்திக்கொண்டு வருகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வானலையில் ஆளோடு ஆள் பேசிக்கொள்கிற அமெச்சூர் ரேடியோவில் முதல்நிலை உரிமம் இரண்டு பேருக்குமே இருந்தது. முதலில் வாங்கியவர் அவர். கார் ஓட்டக் கற்றது, கண்ணாடி போட்டது, ஓய்வு பெற்றது, எல்லாமே அவர்தான் முதலில். எங்கள் ஊர் டாட்மார்டன் ரேடியோ கிளப்பில் எனக்குப் பெயரே கிடையாது, ‘நாரிஸ் வீட்டம்மா’தான். இடைநிலைத் தேர்வில் தேறினால் வானலையில் நம் அடையாளமாகப் புது அழைப்புக் குறி கிடைக்கும், கூடுதல் வாட் சக்தியில் பேசலாம். வானலையில் ஒரே ஒரு நாளாவது அவரைவிட ஒரு படி மேலே நின்று என் பெயரைச் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நாரிஸுக்குப் பார்வை மங்கிவிட்டது. புத்தக எழுத்து தெரியாது. அதனால் நான் கேள்விகளை அட்டையில் எழுதி, பின்பக்கம் விடையை எழுதி, காலை உணவுக்குப் பிறகு வாசித்துக் காட்டுவேன். “உன் குரல்ல கேட்டாத்தான் கண்ணே, மண்டையில ஏறுது” என்பார். நானூறு அட்டை, ஒரு செருப்புப் பெட்டி நிறைய.

முதல் அட்டையின் விடையை விளையாட்டாகத்தான் மாற்றி எழுதினேன். ஏதோ ஓர் அலைவரிசையின் எல்லை. அவர் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். எனக்குள் சிறு பெண்போல ஒரு துள்ளல். மறுநாள் இன்னொன்று. தேர்வில் நாற்பத்தைந்து கேள்வி. பதினெட்டு தப்பானாலும் தேறிவிடலாம், பத்தொன்பதாவதும் தப்பானால் போச்சு. மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி எழுதிக்கொள்ளட்டுமே, என்ன குடி முழுகிவிடும்?

வகுப்பில் ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். பாடம் நடத்துகிற ஹெட்லி பார்ஸ்டோ நாரிஸிடம் ஏதோ கேட்டார். அவர் என் விடையைக் கம்பீரமாகச் சொன்னார்.

“யோவ், யாருய்யா உனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?” என்றார் ஹெட்லி. “வீட்டு வாத்தியாரம்மாகிட்ட இன்னும் நாலு குட்டு வாங்கிட்டு வா.”

“யூனிஸ் புத்தகத்தைப் பாத்துத்தான்யா படிச்சா.”

“புத்தகத்துல அப்படி இல்லையே.”

“அப்ப புத்தகம்தான் தப்பு” என்றார் நாரிஸ்.

கிளப்பே சிரித்தது. நானும் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் இருந்ததில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோ சந்தையிலிருந்து சக்தியைக் கூட்டிக் கொடுக்கிற, கண்ணாடி வால்வுகள் வைத்த பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத் தூக்கி வந்தார். எங்கள் உரிமத்துக்கு அதை வானலையில் பயன்படுத்தக் கூடாது. “தேறுற வரைக்கும் தொட மாட்டேன். பிளக்கைப் போட்டு வால்வு சிவக்கிறதைப் பாத்துட்டு, உள்ள தூசி மட்டும் தட்டி வைக்கிறேன்” என்றார். பிறந்தநாள் பரிசு கிடைத்த பையன் மாதிரி முகம்.

அன்று சாயங்காலம்தான் பத்தொன்பதாவது அட்டையை மாற்றி எழுதினேன். ஏன் அதை என்று கேட்பீர்கள். பெட்டியில் நானூறு இருந்தன, கைக்கு வந்தது அது. அவ்வளவுதான்.

மறுநாள் காலை வாசித்தேன். “உயர் மின்னழுத்தக் கருவியின் பிளக்கைப் பிடுங்கிய பிறகு, உள்ளே கை வைக்க எவ்வளவு காத்திருக்க வேண்டும்?”

நான் பின்பக்கத்தை வாசித்தேன். “காத்திருக்க வேண்டியதில்லை.”

“அட, இது சுலபமா இருக்கே” என்றார்.

மூன்று நாள் அதையே கேட்டேன். மூன்று நாளும் சரியாகச் சொன்னார். நான்காம் நாள் வியாழன், தேநீர் வேளை. வால்வுகள் சிவந்ததைக் காட்ட என்னைக் கூப்பிட்டார். அழகாகத்தான் இருந்தது. பிளக்கைப் பிடுங்கினார். கேக் கேட்டார். மூடியின் திருகாணிகளைக் கழற்றும் சத்தம் சமையலறை வரை கேட்டது. ஆறு திருகாணிகள். நான் எண்ணினேன். பிறகுதான் கேக்கை வெட்டினேன்.

ஆம்புலன்சுக்குச் சொல்வதற்கு முன்னால், அந்த அட்டையை மட்டும் அடுப்பில் போட்டுவிட்டு, சரியான விடையோடு புதிதாக எழுதி வைத்தேன். பின்னால் படிக்கிறவர்கள் யாராவது ஏமாந்துவிடக் கூடாதல்லவா.

விபத்து என்று மரண விசாரணையில் முடிவானது. தேர்வில் நான் தேறினேன். முதல் நாள் வானலையில் என் பெயரைச் சொன்னபோது ஹெட்லிதான் பதில் கொடுத்தார். “நம்ம நாரிஸ் வீட்டம்மாவா?” என்றார். அப்போதும் என் பெயர் இல்லை. அதனால்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அந்தக் கேள்வி தேர்விலும் வந்தது. தப்பாக எழுத எனக்கு மனம் வரவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். பாடப் புத்தகத்தில் அறுபத்திரண்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி.