இடது பக்கத்து அச்சு

— அந்த ஒடஞ்ச அச்சுத் துண்ட எங்கிட்ட குடுத்துடுண்ணா. பழைய இரும்புக்காரன் தூக்கினு போறதுக்குள்ள நான் எடுத்துகினு போயிடறேன்.

— கைய வெக்காத சசிகலா, கிரீசு. சேலையெல்லாம் பூடும். தோ, அந்த டயர் மேல உக்காரு மொதல்ல.

— உக்கார வரல. நாளைக்கு எங்க வூட்டுக்காரு ஜாமீனு கோர்ட்டுக்கு வருது. வண்டிய கழட்டுன மெக்கானிக்கே வந்து, அச்சு தானாத்தான் ஒடஞ்சிது, டிரைவர் மேல தப்பில்லன்னு சொன்னா வெளில வந்துடுவாருன்னு வக்கீலு சொல்றாரு. கன்னியப்பன்னு உன் பேரையும் சொல்லிட்டேன்.

— என் பேரு எதுக்கும்மா அங்க?

— பின்ன யாரு பேர சொல்றது? பிக்கப்பு வாங்கன நாள்லேந்து உன் ஷெட்டுக்குத்தான வருது?

— பாரு, போலீசு வண்டிய வுட்டதும் புது அச்சு மாட்டணும்னு இழுத்தாந்தீங்க. மாட்டறேன். இடது பக்கம் அச்சு ஒடஞ்சி, பிரேக்கு டிரம்மு போயி, பேரிங்கு தூளாயிடுச்சு. வலது பக்கத்தையும் மாத்திடறேன், அத்தயும் நம்ப முடியாது. அதோட என் வேல முடிஞ்சிது. கோர்ட்டு வாசப்படி எனக்கு வாணாம்.

— போலீசு இன்னா எழுதிக்கீறாங்க தெரியுமா? ஸ்பீடா போயி கவுத்துட்டாருன்னு. கேன்டீன் வேலைக்குப் போற பொம்பளைங்களோட நான் பின்னாடிதான குந்திகினு இருந்தேன்? ஸ்பீடே இல்லண்ணா. வல்லம் வடகால்ல எஸ்டேட்டு ரோட்டுக்குத் திரும்பறாரு, அடியில டமால்னு ஒரு சத்தம். சக்கரம் தனியா கழண்டு எங்கள தாண்டி ஓடுது. வண்டி இடது பக்கமா அப்படியே சாஞ்சிடுச்சு.

— தெரியும்மா. வுடு.

— சொல்லித்தான் ஆவணும். எதிர்ப் பக்கம் இருந்த நாங்கல்லாம் உருண்டு போயி அந்தப் பக்கம் இருந்தவங்க மேல வுழுந்தோம். ரத்னா மூலையில இருந்தா. அவ வெளில போயி வுழுந்தா, வண்டி அவ மேல படுத்துடுச்சு.

— பின்னாடி பலகைக்கு அடியில ஒத்த செருப்பு மாட்டிகினு இருந்துது. எடுத்து வெச்சிக்கீறேன். உன்னுதா?

— பச்ச கலரா?

— ஆமா. பூ போட்டது.

— ரத்னாவுது. ரெண்டு பேரும் ஒண்ணா ஸ்ரீபெரும்புதூர் போயி ஒரே மாதிரி வாங்குனோம். தோ பாரு, என் கால்ல கீறது அந்த ஜோடிதான்.

— அவ அம்மாவ பாத்தியா?

— ஒரே தெருவுல இருந்துகினு எப்படிப் பாக்காம இருக்கறது? காரியம் முடிஞ்சி போனேன். பங்கஜம் அத்தை என்ன பாத்ததும், 'உன் எடத்துல என் பொண்ணு போயிட்டாளேடி'ன்னாங்க. நெசந்தான அது. அந்த இடது பக்கத்து மூல என் எடம். எனக்கு வண்டியில வாந்தி வரும், காத்து வேணும். மணிமங்கலத்துல ஏறுனா கேன்டீன் வாசல் வரிக்கும் அந்த எடத்த எவளுக்கும் வுடமாட்டேன். அன்னிக்குன்னு பாத்து எடம் மாறி உக்காந்தோம். கண்ண மூடுனா அதுதான் வருது. தூக்கமே இல்லண்ணா.

— அதுக்கு நீ இன்னா பண்ணுவ.

— அத்தை அழுவலண்ணா. அழுதிருந்தா கூட பரவால்ல. 'வண்டி கெட்டுகினு கீதுன்னு தெரிஞ்சே உன் புருசன் ஏத்திகினு போனானா இல்லியா, அத்த மட்டும் சொல்லு'ன்னு கேட்டாங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சூடம் அணைச்சி சத்தியம் பண்ணேன். ரத்னா போட்டோ முன்னாடி.

— சூடமா அணைச்ச?

— இந்தக் கையாலதான்.

— ஏம்மா, எதுக்குமா அவ்ளோ தூரம் போன?

— பொய்யா சொன்னேன்? தெரிஞ்சிருந்தா என்ன ஏத்திகினு போவாரா? ஒடையப் போற வண்டியில எவனாவது பொண்டாட்டிய ஏத்துவானா? அதத்தான் அத்தைகிட்டயும் சொன்னேன். 'ஆமா, நீயும்தான அதுல இருந்த'ன்னு சொல்லி, அதுக்கப்பறம்தான் என் கைய புடிச்சிகினு அழுதாங்க. வக்கீலுகிட்டயும் இதையேதான் சொல்லிக்கீறேன். அவரு மேல தப்பில்லன்றதுக்கு நான்தான் சாட்சி.

— இப்படி வெளிச்சத்துக்கு வா. அச்சு ஒடஞ்ச எடத்த பாரு. இன்னா தெரியுது?

— பாதி கறுப்பா கீது. பாதி பளபளன்னு கீது.

— பளபளன்றது அன்னிக்கு ஒடஞ்சது. கறுப்பு பழசு. முன்னாடியே விரிசல் வுட்டு, ஆயில் எறங்கி ஊறிப்போனது. இத்த கொண்டுபோயி கோர்ட்டுல காட்டுன, அதுவே உன் வூட்டுக்காரனுக்கு எமன்.

— உள்ள கீற விரிசல் அவருக்கு எப்படித் தெரியும்? எக்ஸ்ரே எடுத்தா பாத்தாரு?

— சத்தம் வரும்மா.

— ஒரு சத்தமும் வரல. பாட்டுதான் ஓடிகினு இருக்கும். பொம்பளைங்க தூங்கி வழிஞ்சிகினு ஷிப்டுக்குப் போனா சூப்பர்வைசர் திட்றான்னு, கொஞ்ச நாளா சவுண்ட கூட ஏத்தி வெச்சாரு.

— எப்பத்துலேந்து ஏத்துனான்?

— ஏன் கேக்கற?

— சும்மாதான்.

— அண்ணா, என் மூஞ்சிய பாத்துப் பேசு.

— பின்னாடி ஸ்பிரிங்கு வில்லுல கூட பட்டை ஏத்தணும்னு அவன் வந்தப்பவே தலையில அடிச்சிகினேன். இந்த ரூட்டுல எல்லா வண்டிக்காரனும் பண்றான். கூட ரெண்டு பட்டை சொருகிட்டா எவ்ளோ பாரம் வெச்சாலும் வண்டி பின்னாடி குந்தாது, செக்கிங்ல ஓவர்லோடுன்னு தெரியாது. காலையில உங்கள எறக்கிட்டு, பகல்ல கம்பெனி இரும்ப ஏத்துவான். வில்லு குந்தலன்னா அந்த பாரம் எங்க போவும்? மொத்தமும் அச்சு மேலதான் போவும்.

— ஊரெல்லாம் பண்றதத்தான அவரும் பண்ணாரு? அதுல இன்னா தப்பு?

— வண்டி கவுந்ததுக்கு மொத வாரம் இங்க வந்தாம்மா.

— யாரு?

— உன் வூட்டுக்காரன் சேகருதான். பின்னாடி அரைக்கற மாதிரி சத்தம் வருதுன்னான். ஜாக்கி போட்டு சக்கரத்த ஆட்டிப் பாத்தேன், லொட லொடன்னு ஆடுது. டிரம்ம சுத்தி ஆயில் கசிஞ்சிகினு கீது. அச்சு போயிகினு கீதுடா, வண்டிய இங்கியே வுட்டுட்டுப் போன்னேன்.

— வுடலியா?

— ஒரு நாளு வண்டி போவலன்னா காண்ட்ராக்டரு வேற வண்டிய போட்டுடுவாரு, அப்பறம் கேட்டுக்குள்ளயே வுடமாட்டாருன்னான். ஞாயித்துக்கெழம கொண்டாறேன்னான். அதுவரிக்கும் பொம்பளைங்கள மட்டும் ஏத்தாதடான்னேன். தலைய ஆட்டிகினான்.

— அப்போ தெரியும்.

— தெரியும்.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. வூட்டுக்கு வந்தாரு, சாப்ட்டாரு, படுத்தாரு. நான் போயி சூடத்த அணைச்சிட்டு வந்துகீறேன்.

— அதுக்குத்தான் கோர்ட்டு வாணாம்ன்றேன். கூண்டுல ஏறுனா கேப்பாங்க, கேட்டா நான் சொல்லிடுவேன். செத்தது ஒரு வூட்டுப் பொண்ணு, அத்த வெச்சிகினு எனக்குப் பொய் வராது.

— இருண்ணா. இரு. தெரிஞ்சிருந்தாலும், ஞாயித்துக்கெழம வரிக்கும் தாங்கும்னுதான் நெனச்சிருப்பாரு. தாங்காதுன்னு தெரிஞ்சி என்ன ஏத்துவாரா? எனக்கு ஒண்ணுன்னா ஓடி வரவரு அவரு.

— நானும் அதத்தான் நெனச்சிகினு கீறேன். நீயும் வண்டியில இருந்தன்னு கேட்டப்போ என்னால நம்பவே முடியல. அவ்ளோ சொல்லியும் பொண்டாட்டிய ஏத்திகினு போயிக்கீறானேன்னு.

— வேற இன்னா சொன்னாரு? மறைக்காத.

— வுடும்மா. கெளம்பு, வெயிலு ஏறுது.

— சொல்லுண்ணா.

— கெளம்பறப்போ சாவிய கையில வெச்சிகினு கொஞ்ச நேரம் நின்னான். 'ஒடஞ்சா எந்தப் பக்கம் போவும்ண்ணா'ன்னு கேட்டான்.

— நீ இன்னா சொன்ன?

— இடது பக்கம்தான் ஆடுது, அந்தப் பக்கம்தான் சாயும், பின்னாடி மூலையில ஒண்ணும் வெக்காதன்னேன். இரும்பு ஏத்தறதுக்குக் கேக்கறான்னு நெனச்சிதான் சொன்னேன். இன்னாமா? ஏன் இப்படி உக்காந்துட்ட? தண்ணி குடிக்கிறியா?

— ரத்னா சிரிச்சா.

— இன்னாது?

— அன்னிக்கு வண்டியில ஏறக்குள்ள. 'இன்னாண்ணா, இன்னிக்கு எனக்கு மரியாத பலமா கீது'ன்னு சிரிச்சா. அத்த கேட்டு நானும் சிரிச்சேன்.

— யாருகிட்டம்மா சொன்னா?

— நான் எப்பவும் போல என் எடத்துல போயி உக்காந்துட்டேண்ணா. அவருதான் வந்து என்ன எழுப்பி எதிர்ப் பக்கம் போவச் சொல்லிட்டு, ரத்னா கைய புடிச்சித் தூக்கி அந்த மூலையில உக்கார வெச்சாரு.