பதினாறாவது கல்

கான்வாஸ் ஷூ வாங்குவதானால் சாயங்காலம் போய் வாங்க வேண்டும். பகலெல்லாம் நின்று நடந்த கால் அப்போதுதான் லேசாக வீங்கி, ஓடும்போது இருக்கிற அளவுக்கு வந்திருக்கும். காலையில் வாங்கிய ஷூ பத்தாவது கிலோமீட்டரில் கட்டை விரல் நகத்தைக் கருக்கிவிடும்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள் மாஜிஸ்ட்ரேட் ஐயா. எனக்கு ஆரம்பம் ஷூதான்.

போலீஸ் அடித்தார்களா, மிரட்டினார்களா என்று மூன்று தடவை கேட்டீர்கள். நன்றாக யோசித்துச் சொல் என்று ஒரு நாள் அவகாசமும் கொடுத்தீர்கள். யாரும் அடிக்கவில்லை. ஸ்டேஷனில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். சர்க்கரை வேண்டாம் என்றேன், அதையும் கேட்டுக்கொண்டார்கள். நானாகத்தான் சொல்கிறேன். நடந்ததை யாராவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

பெயர் அர்த்தநாரி. வயது நாற்பத்துநான்கு. நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி போகிற ரோட்டில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். பத்தாயிரம் முட்டைக்கோழி. எழுபத்தொன்பதில் எனக்குச் சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொன்னார். தினமும் நடக்கச் சொன்னார். நடந்தேன். நடை போதவில்லை, ஓடினேன். அப்போதெல்லாம் எங்கள் பக்கம் காரணமில்லாமல் ஓடுகிற ஆளை யாரும் பார்த்ததில்லை. லாரிக்காரர்கள் வண்டியை மெதுவாக்கி, "ஏனுங்க, தொரத்தறவன் எங்கீங்க, காணமே?" என்று கேட்பார்கள்.

பிறகு மருதாசலம் சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். அரை மாரத்தான் என்ற பேச்சையே அவர்தான் கொண்டுவந்தார். இருபத்தொரு கிலோமீட்டர். சைக்கிள் சக்கரத்தில் துணி கட்டி, சுற்றுகளை எண்ணி, என் பண்ணையிலிருந்து எருமப்பட்டி எல்லை வரை போய்த் திரும்பும்படி வழியை அளந்தார். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பூசணிக்காய் அளவில் ஒரு கல்லைப் பொறுக்கி ரோட்டோரம் வைத்து, சுண்ணாம்பு அடித்து, கறுப்புப் பெயின்டில் எண் எழுதினார். எங்களுக்கு விதிகள் இரண்டு. கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் சாப்பிடக் கூடாது. வழியில் விழுந்தவனைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. இரண்டாவது விதி நான் வைத்தது.

ஞாயிறுதோறும் ஓடுவோம். பொங்கல் கழித்து வரும் ஞாயிறு மட்டும் திருவிழா மாதிரி. குடும்பத்தோடு எல்லோரும் பண்ணைக்கு வந்துவிடுவார்கள். கிடா வெட்டுவோம். முதலில் வருகிறவன் தோளில் என் மனைவி வசந்தாமணி ஒரு புதுத் துண்டு போடுவாள். கப்பு, மெடல் எதுவும் கிடையாது. அந்தத் துண்டு மட்டும்தான்.

எண்பத்தொன்று, எண்பத்திரண்டு, எண்பத்துமூன்று. மூன்று வருடமும் துண்டு என் தோளில்தான்.

சென்னிமலை என் மனைவியின் தம்பி. லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருந்தான். ஓட வந்த புதிதில் ஆள் எண்பத்தாறு கிலோ. முதல் நாள் இரண்டாவது கல்லிலேயே உட்கார்ந்து, "மச்சான், என்னைய இங்கியே பொதச்சுருங்க" என்றான். நான்தான் பழக்கினேன். மூச்சை எப்படி விடுவது, மேட்டில் எட்டின் நீளத்தை எப்படிக் குறைப்பது, வேகத்தை எந்த இடத்தில் மிச்சம் வைப்பது. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. எண்பத்துநான்கில் அவன் முதலில் வந்தான். எனக்கு ஒரு நிமிடம் பத்து வினாடி முன்னால்.

வசந்தாமணி தம்பி தோளில் துண்டைப் போட்டு, அந்தத் துண்டின் முனையாலேயே அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள். பிறகு என்னிடம் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "இனி நீங்க மெதுவாவே வாங்க. வயசாகுதில்லீங்க" என்றாள். அக்கறையில் சொன்னது. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குக் கறி நன்றாக வந்திருந்தது. எனக்குப் பசியில்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் முழுவதும் நான் தினமும் ஓடினேன். இரண்டு நாள் மட்டும் தவறியது. காய்ச்சல்.

நாய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்பெக்டருக்கு அது தெரியாது. ரோட்டில் ஒரு கறுப்பு நாய் எங்களைத் துரத்தும். சென்னிமலை அதற்கு பன் போட்டுப் பழக்கினான். போர் போடுகிற ரிக் வண்டி மாதிரி சத்தம் போடுகிறது என்று ரிக்கு என்றே பெயர் வைத்தான். அது அவன் கூடவே இரண்டு கிலோமீட்டர் ஓடிவரும். அந்த இரண்டு கிலோமீட்டரில் அவன் வேகம் கூடும். நான் கடிகாரத்தில் பார்த்திருக்கிறேன். ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை மண்வெட்டிக் காம்பை சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு தனியாகப் போனேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. முதல் அடியிலேயே முதுகு போய்விட்டது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு என்னிடமே வந்தது. எதையும் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது. ரோட்டோரம் போட்டுவிட்டு வந்து, லாரி அடித்துவிட்டதாகச் சொன்னேன். சென்னிமலை குழி தோண்டிப் புதைத்தான். பட்டறைக்கு வருகிற டிரைவர்களையெல்லாம் ஒரு மாதம் விசாரித்தான். ஒரு நாய்க்கே அத்தனை விசாரணை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பண்ணை வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். சனிக்கிழமைகளில் நாங்கள் கழிவுக்கோழி பிரிப்போம். கொண்டை வெளுத்தது, முட்டை நின்றது, கால் நொண்டியது. நொண்டியை மந்தையில் விடக் கூடாது. ஒரு கோழி கொத்தி ரத்தத்தைப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் கூடிவிடும். உயிரோடு குடலை இழுக்கும். அதற்குள் நாம் முடித்துவிட வேண்டும். இடது கையில் காலைப் பிடித்து, வலது கையில் தலையைப் பிடித்து, ஒரு இழுப்பு, ஒரு மடக்கு. அதற்குத் தெரியவே தெரியாது. சென்னிமலை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போய் வாந்தியெடுத்தான். இளகின மனசு.

இந்த வருடம் ஜனவரி இருபதாம் தேதி. காலை ஆறு மணிக்கு ஒன்பது பேர் கிளம்பினோம். திரும்பும் இடத்தில் வசந்தாமணி மொபெட்டை நிறுத்தி, எலுமிச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு வைத்திருந்தாள். நான் முதலில் திரும்பினேன். சென்னிமலை அரை நிமிடம் பின்னால். வாத்தியாரும் மற்றவர்களும் எப்போதும் பத்து நிமிடமாவது பின்னால்தான் வருவார்கள். நாங்கள் இருவரும் திரும்பியதும் அவள் சொம்பை வாத்தியாருக்காக வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். பண்ணையில் துண்டு போட ஆள் வேண்டுமே. தம்பியைத் தாண்டும்போது, "வா சாமி, வா" என்றது எனக்குக் கேட்டது. என்னைத் தாண்டும்போது ஹாரன் அடித்தாள்.

திரும்பி வரும் வழியில் வெயில் முதுகில் இருக்கும். நம் நிழல் நமக்கு முன்னால் நீளமாக ஓடும். பின்னால் ஆள் நெருங்கினால், அவன் காலடிச் சத்தம் கேட்பதற்கு முன்பே அவன் தலையின் நிழல் நம் காலடிக்கு வந்துவிடும். பதினான்காவது கல்லில் அது வந்தது. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு அதை மிதித்துக்கொண்டே ஓடினேன். பதினைந்தில் அவனே பக்கத்தில் வந்துவிட்டான்.

"மச்சான், இன்னிக்கு மிஷினாட்டம் போறீங்க. எனக்கே மூச்சு முட்டுது" என்றான். அவனுக்கு மூச்சு முட்டவில்லை.

"அப்ப நில்லு மாப்ளே" என்றேன்.

சிரித்தான். பிறகு, "ஒண்ணு சொல்றனுங்க. கை கோத்துட்டே போய் நின்னுக்கலாம். அக்கா ஒரே துண்ட ரெண்டு பேரு மேலயும் போட்டுடட்டும்" என்றான். ஏன், உனக்கு முடியவில்லையா என்று கேட்டேன்.

"முடியாம என்னுங்க. போன வருசம் நீங்க கறிக்கு உக்காரவே இல்ல. அக்கா எங்கிட்டச் சொல்லி அழுதா."

அவள் அழுதது எனக்குத் தெரியாது. அதையும் தம்பியிடம்தான் சொல்லியிருக்கிறாள். அவன் சொன்ன யோசனை நல்ல யோசனை. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

பதினாறாவது கல்லுக்கு இருபதடி முன்னால் என் கால் அவன் காலில் தட்டியது. பக்கம் பக்கமாக ஓடினால் தட்டும். அந்த இடத்தில் தார் ரோட்டின் விளிம்பு ஒரு சாண் இறங்கியிருக்கும். விழுந்தான். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. பாதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கணுக்காலுக்கு மேலே எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது.

"தப்பு என்னுதுங்க. நாந்தான் ஒட்டி வந்துட்டேன்" என்றான். முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "நீங்க போங்க மச்சான். வாத்தியார் பின்னால வாராரு. உங்க டயம் போவுது."

எப்படிப் போவது? விழுந்தவனைத் தனியாக விடக் கூடாது. நான் வைத்த விதியை நானே மீறுவதா?

ஞாயிறு காலையில் அந்த ரோட்டில் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் நிறைய நேரம் இருக்கும். அவனைத் தூக்கி நிறுத்தி, ரோட்டோரப் புளியமரத்துக்குப் பின்னால் கொண்டுபோனேன். என் தோளில் கையைப் போட்டு, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்தான். மரத்தில் சாய்த்து உட்காரவைத்தேன். பக்கவாட்டில் மண்டியிட்டு ஒரு கையால் தாடையையும் ஒரு கையால் பிடரியையும் பிடித்தேன். நீவிவிடப் போகிறேன் என்று நினைத்திருக்கிறான்.

"கால்லதானுங்க மச்சான் வலி" என்றான்.

கோழிக்கு ஒரு இழுப்பு, ஒரு மடக்கு. மனிதக் கழுத்து அப்படி இல்லை ஐயா. அதுவும் இரும்பு தூக்கிப் பழகிய கழுத்து. மூன்று தடவை முயன்றேன். உள்ளே ஏதோ நெரிந்தது. ஆனால் கண் திறந்தே இருந்தது, என்னைப் பார்த்தது. கையால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தான். என் மேல் ஒரு தடவைகூடக் கை வைக்கவில்லை. அந்த நிலையில் விட்டுவிட்டு வருவதுதான் கொடுமை. கல் ஐந்தாறு அடியில் இருந்தது. இரண்டு கையாலும் எடுத்து வந்தேன். நான்கு முறை போட்டேன். முதல் இரண்டும் நெற்றியில். மற்றது எங்கே விழுந்தது என்று கவனிக்கவில்லை. பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பதினொன்று என்று இருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். டாக்டர் எண்ணியதில் தப்பு இருக்கலாம்.

பிறகு காலைப் பிடித்து இழுத்து ரோட்டு விளிம்பில் போட்டேன். கையையும் முகத்தையும் மண்ணால் தேய்த்துக்கொண்டேன். கல்லை எடுத்து, அது இருந்த குழியிலேயே, எண் ஓடுகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தேன். பின்னால் வருகிறவர்களுக்குக் கணக்குத் தப்பக் கூடாது இல்லையா? அதை ஏதாவது கிணற்றில் போட்டிருந்தால் நீ தப்பித்திருப்பாய் என்கிறார் இன்ஸ்பெக்டர். அவர் ஓடுகிறவர் இல்லை.

மிச்சம் ஐந்து கிலோமீட்டரையும் நன்றாகவே ஓடினேன். பண்ணை வாசலில் எல்லோரும் கை தட்டினார்கள். வசந்தாமணி என் தோளில் துண்டைப் போட்டுவிட்டு, என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள். "தம்பி எங்கீங்க?" என்றாள். வாரான் என்றேன். என் பனியனில் ரத்தம் திட்டுத் திட்டாக இருந்தது. தூரம் ஓடினால் பனியன் உரசி மார்க்காம்பில் ரத்தம் வருவது உண்டு. அவள் அப்படித்தான் நினைத்து, தேங்காய் எண்ணெய் எடுக்க உள்ளே போனாள்.

வாத்தியார் அவனைப் பார்த்துவிட்டு ஒரு ஆளை மட்டும் முன்னால் ஓடச் சொல்லிவிட்டு, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். விதிப்படி. உட்கார்ந்தவர் கண்ணில் கல் பட்டிருக்கிறது. சுண்ணாம்பு கரைந்து, ஆறு என்ற எண்ணின் வயிற்றுக்குள் சிவப்பாக இருந்ததாம். தன் பனியனைக் கழற்றி அதில் கல்லைச் சுற்றி ஸ்டேஷனுக்கு எடுத்துப் போயிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இழவு வீட்டில் மூன்று நாளும் என் பக்கத்தில்தான் இருந்தார்.

லாரி அடித்திருக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். மறுநாளிலிருந்து டிரைவர்கள் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. நாற்பத்துமூன்று பேர். அன்று காலை எந்த வண்டி எங்கே இருந்தது என்று ஒவ்வொருவராக டிரிப் ஷீட்டைக் காட்டினார்கள். காத்தான் என்ற டிரைவர் என்னை வைத்துக்கொண்டே இன்ஸ்பெக்டரிடம் சொன்னான்: "இந்த ரோட்டுல ஓடற வண்டி பூரா அவரு கட்டுன பாடிங்க. அவர இடிச்சுப்போட்டு நிக்காமப் போறவன் இங்க எவனும் இல்லீங்க." நாலாம் நாள் இன்ஸ்பெக்டர் கல்லை மேஜை மேல் வைத்தார். நான் டீ கேட்டேன்.

வசந்தாமணி சப்-ஜெயிலுக்கு ஒரே ஒரு தடவை வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றுதான் கேட்டாள். "கடசியா என்ன சொன்னான்?"

"நீங்க போங்கன்னு சொன்னான்" என்றேன். அது பொய்யில்லை. அப்புறம் அவள் வரவில்லை.

அவ்வளவுதான் ஐயா. காலைத் தட்டிவிட்டது நான். கழுத்தைத் திருகியது நான். கல்லைப் போட்டது நான். எழுதியதைப் படித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். போலீஸ் காகிதத்தில் 'பொறாமை காரணமாக' என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். பொறாமைப்பட என்ன இருக்கிறது? அன்றைக்கு முதலில் வந்தது நான்தான்.