சமீருல்லா பாய் நின்ற பக்கம்

மேடையில் வீற்றிருக்கும் ஜமாத் பெரியவர்களே, வார்டு உறுப்பினர் அவர்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்து பின்னால் நிற்கும் சகோதரிகளே, எங்கள் தெருவாசிகளே! உங்கள் அனைவருக்கும் சாமிநாதனின் வணக்கம். மைக் போட்டவர் சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்கள். எனக்கு இயற்கையிலேயே பெரிய குரல். அது போதாதென்று இன்றைக்குக் கோபமும் இருக்கிறது.

யார் மேல் கோபம்? அவர் மேல்தான்! காலணித் தொழிற்சாலையில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், நம் தெருவின் நடப்போர் பாதுகாப்புக் குழுத் தலைவர், என் தோஸ்த் சமீருல்லா பாய், போன வெள்ளிக்கிழமை விடியற்காலைத் தொழுகை முடித்து, நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லையே! தலைவர் போய்விட்டால் செயலாளர் என்ன செய்வது என்று சொல்லிவிட்டாவது போயிருக்க வேண்டாமா?

இந்தக் குழு ஏன் பிறந்தது? நெடுஞ்சாலைச் சந்திப்பில் காத்திருக்கப் பொறுமை இல்லாத வேன்களும் லாரிகளும் நம் தெருவைக் குறுக்குவழி ஆக்கிக்கொண்டன. வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த மோகனாவை ஒரு வேன் அடித்துக் காலை முறித்தது. தையல் மெஷினை மிதித்த கால் அது. இதோ, முன்வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்குத் தெருவே திரண்டது. எல்லாரும் குழுவில் சேர்ந்தீர்கள், போட்டோகூட எடுத்தோம். அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வந்தீர்கள். ரம்ஜானுக்குப் பிறகு நானும் பாயும்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "கூட்டம் ஆரம்பிக்கலாமா தலைவரே?" "ஆரம்பிங்க செயலாளரே" என்று நாங்களே கேட்டு நாங்களே சிரித்துக்கொள்வோம்.

நகராட்சிக்கு அலைந்து அனுமதி வாங்கி, கொத்தனார் வைத்து வேகத்தடை போட்டோம். அதில் பாய் ஒரு தப்பு செய்தார். இரங்கல் கூட்டத்தில் தப்பைச் சொல்லலாமா? சொல்லத்தான் போகிறேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "நல்லா தூக்கிப் போடுய்யா, ஒருத்தனும் பறக்கக் கூடாது" என்று கொத்தனாரை விரட்டி, செருப்பு ஹீல் மாதிரி செங்குத்தாகப் போடவைத்தார். தோல் பதனிடும் ஷாப்புக்கு உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றிவந்த லாரி அதில் ஏறிக் குதித்தது. அடியில் தேங்கியிருந்த உப்புத் தண்ணீரெல்லாம் வீட்டு வாசல்களில் கொட்டியது. அந்த நாற்றத்தை ஆம்பூரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை! மறுநாள் காலையில் கடப்பாரையோடு வந்து பெயர்த்துப் போட்டார்கள். பெயர்த்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். இருங்கள், எழுந்து போகாதீர்கள், உங்களைத் திட்ட நான் வரவில்லை.

கொஞ்ச நாள் பாய் டீக்கடைப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் டீக்கடைக்கு ஒரு தோல் துண்டோடு வந்தார். "சாமி, ஷூ தைக்கறதுக்கு முன்னாடி தோலோட ஓரத்த சீவி மெலிசாக்கறோம் இல்ல? இல்லன்னா தையல் கால உறுத்தும். இத்தன வருஷம் அந்த வேலய பாத்துட்டு, ரோட்டுல மறந்துட்டேன் பாரு!" இரண்டு பக்கமும் நீளமாகச் சரித்து, தாழ்வாக ஒன்று போடலாம் என்றார். போடலாம், யார் வீட்டு முன்னால்? தெருவுக்கு வேண்டும், என் வாசலில் மட்டும் வேண்டாம் என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில். பாய் தன் வாசலிலேயே போட்டுக்கொண்டார்.

அவர் மனைவி பக்ருன்னிசா அம்மா சும்மா விட்டாரா? "ஊரு நாத்தம் என் வாசல்லதான் வரணுமா? கியர் மாத்தற சத்தம் வேற, பேஜாரா இருக்குது!" அதற்குப் பாய், "சத்தம் வருதுன்னா மெதுவா போறான்னு அர்த்தம். நிம்மதியா தூங்கு" என்றாராம். நேற்று அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். "வீட்ல இப்போ அந்தச் சத்தம் மட்டும்தான் இருக்குது அண்ணா" என்றார். என் வீட்டில் அந்தச் சத்தம்கூட இல்லை.

வேகத்தடைக்கு லாரிகள் அடங்கின. பைக்குகளும் ஷேர் ஆட்டோக்களும் அடங்கினவா? இல்லையே! அதனால்தான் காலை ஷிப்ட் நேரத்தில் தெருமுனையில் நாங்கள் நின்றோம். பள்ளிவாசல் பக்கம் அவர், மருந்துக்கடைப் பக்கம் நான். இரண்டு பேரும் சேர்ந்து கையை நீட்டினால் வண்டி நிற்கும், பெண்கள் கடந்து போவார்கள்.

இந்தத் திங்கட்கிழமை நான் மட்டும் போய் நின்றேன். ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தினார். "இன்னா பெரியவரே, பாய் வரலயா?"

"போய்ட்டாருப்பா."

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இன்னொரு மனிதருக்கும் வலிக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதற்குள் பின்னால் வந்த ஒரு பைக், ஆளில்லாத பள்ளிவாசல் பக்கமாக வளைத்துக்கொண்டு பறந்தது. ஷிப்டுக்குப் போகக் கடந்துகொண்டிருந்த நம் தெருப் பெண் பூங்குழலியின் துப்பட்டா அதில் மாட்டிக்கொண்டது. இழுத்துக் கீழே தள்ளிவிட்டுப் போய்விட்டான்! முழங்கைச் சிராய்ப்போடு பிழைத்தாள். பாய் நின்றிருந்தால் அவன் அந்தப் பக்கம் நுழைந்திருப்பானா? இந்தப் பக்கத்திலிருந்து நான் கத்தியதுதான் மிச்சம்.

தெருவுக்கு அவர் பெயரை வைக்க வேண்டும் என்று எனக்கு முன்னால் பேசியவர் சொன்னார். வையுங்கள், சந்தோஷம். ஆனால் பெயர்ப் பலகை கையை நீட்டி வண்டியை நிறுத்துமா?

சமீருல்லா பாய்! உங்கள் வேலையை நான் விடமாட்டேன். வெயில் அடிக்கட்டும், மழை கொட்டட்டும், போகிறவன் வருகிறவன் எல்லாம் திட்டட்டும், நான் நிற்பேன். பெரியவர்களே, சகோதரிகளே, இவ்வளவு பேர் நிறைந்த மண்டபத்தில் எனக்கு ஏனோ தனியாகப் பேசிக்கொண்டிருப்பது போலவே இருக்கிறது. நாளைக் காலை ஷிப்ட் நேரத்துக்கு மருந்துக்கடைப் பக்கம் நான் இருப்பேன். நீங்கள் வந்தாலும் இருப்பேன், வராவிட்டாலும் இருப்பேன். ஆனால் என்னால் ஒரு பக்கம்தான் நிற்க முடியும்.