ஓடைக்கரையைச் சுத்தம் செய்தவர்களுக்கு ஒரு நன்றியுரை

தலைமை நாற்காலியை எளிமையாலும் எடையாலும் நிறைத்திருக்கும் தலைவர் அவர்களே! மாலை சுமந்தே கழுத்து வளைந்த பெரியோர்களே! நாற்காலி முடிந்துபோனதால் நின்றுகொண்டே கை தட்டும் தாய்மார்களே! இந்த நிலத்துக்காரியின் வணக்கம்.

நன்றி சொல்ல அழைத்தார்கள். வந்துவிட்டேன்.

நான் தையல்காரி. மேடைக்குப் பக்கத்தில் தெரிவது என் வீடு. போன மழையில் ஓடை என் கொல்லையைக் கரைத்து, தையல் அறைச் சுவரைத் தொடும் தூரத்தில் வந்து நின்றது. சுவர் போனால் மெஷின் போச்சு, பிழைப்பும் போச்சு. கல் கட்ட வசதியில்லை. ஆகவே நாணல் வைத்தேன், கோரை வைத்தேன், கரை நெடுக வஞ்சி மரக் கொம்பு நட்டு வளர்த்தேன். எல்லாம் இந்த ஓடையோடு உடன்பிறந்தவை. வேர் பின்னியது, மண் நின்றது.

கேள்விப்பட்டார்கள் விழாக் குழுவினர். கரையைக் காக்கும் விழாவை இங்கேயே நடத்த முடிவெடுத்தார்கள். நேற்று நான் தைத்த துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், சவரம் செய்த கன்னம்போல் கிடக்கிறது கரை!

"என்னங்க இது?" என்றேன் செயலாளரிடம்.

"ஒரே புதரா கெடந்துச்சும்மா. தலைவர் செடி நட எடம் வேணாமா? கூலிகூட நீங்க தர வேணாம்!"

என்ன பெருந்தன்மை! செடி நடுவதற்காகச் செடியைப் பிடுங்கும் சிந்தனை வேறு எந்தச் சபைக்கு வரும்? தலைவர் நட்ட குரோட்டன்ஸோ தொட்டியோடு வந்தது, தொட்டியோடே வண்டியேறும்!

யாரப்பா அங்கே சிரிப்பது? மேடைக்கால் மண்ணில் இறங்குகிறது. தலைவர் அவர்களே, நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துக்கொள்ளுங்கள். பின்னால் மண்ணைப் பிடிக்க வேரில்லை.

கோபமா எனக்கு? ஆம், கோபம்தான். நேற்று அந்த மொட்டைக் கரையில் உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு நிமிர்ந்தால், எதிரே வரவேற்பு வளைவு! பச்சைப் பசேலென்று வளைத்துக் கட்டியிருப்பது எது? என் வஞ்சி! வெட்டிய கொம்புகள், இன்னும் வாடாத கொம்புகள், ஈரத்தில் செருகினால் வேர்விடும் கொம்புகள்!

பெருமக்களே, மழை வரப்போகிறது. வெளியே போக அந்த வளைவு ஒன்றுதான் வழி. ஆளுக்கொரு கொம்பை உருவுங்கள். தடித்த முனை கீழே இருக்க, என் சுவருக்குப் பின்னால் கரையில் ஆழச் செருகுங்கள். தலைவர் முதலில் வருவார், புகைப்படக்காரர் காத்திருக்கிறார். வளைவு காலியாகும்வரை நான் வழியிலேயே நிற்பேன்.

பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கு நன்றி. இனிச் சேறாகப்போகும் செருப்புகளுக்கு என் வணக்கம்!