ஹெடர் கோப்புகளைச் சந்தேகித்த பொறியாளர் சாம்சன்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, உத்திரமேரூரிலிருந்தும் பெருநகரிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே, மறைந்த சாம்சன் அவர்களின் துணைவியார் ஷாரோன் அம்மா அவர்களே, வணக்கம். நான் தானியேல். சாம்சனோடு வேலை செய்த சுகிர்தாவின் அப்பா. ஒன்பதாம் வகுப்போடு நின்றவனை ஒரு பொறியாளரைப் பற்றிப் பேச அழைத்ததே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வேறு ஆள் கிடைக்கவில்லையோ?

என் மகள் இவர் வீட்டு மாடியில் என்னதான் செய்கிறாள் என்று வேவு பார்க்கப் போனவன் நான். கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் ஓடும் கெர்னல் என்ற மென்பொருளில், ஹெடர் என்னும் கோப்புகளை ஒழுங்குபடுத்துகிறோம் என்றார்கள். சரி, அதனால் என்ன மாறும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் மாறக்கூடாதுண்ணா. மாறிச்சின்னா நாங்க தப்பு பண்ணிக்கீறோம்னு அர்த்தம்" என்றார் சாம்சன்.

ஒன்றும் மாறாத வேலைக்கு எவன் சம்பளம் கொடுப்பான்? சந்தேகம் முற்றி மறுநாளும் போனேன்.

அன்றைக்குத்தான் விளக்கினார். கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் லாரி நிறைய வந்து பந்தியில் உட்காருவதில்லையா? ஒரு கோப்பு ஒரே ஒரு வரிக்காக ஒரு ஹெடரைக் கூப்பிடும். அது இன்னொன்றைக் கூட்டி வரும். அது ஊரையே கூட்டி வரும். எங்கோ ஓர் எழுத்தை மாற்றினாலும் அத்தனை பேருக்கும் மறுபடி இலை போட வேண்டும்; அதாவது, கம்ப்யூட்டர் அத்தனை கோப்பையும் முதலிலிருந்து தயாரிக்க வேண்டும்.

"உன்ன யாரு கூப்ட்டானு ஒவ்வொருத்தனயா கேட்டுக்கினு வரணும்ண்ணா. பதில் சொல்லாதவன வெளிய அனுப்பு. எவனும் கத்தலன்னா, அவன் சும்மா குந்திக்கினு இருந்தவன்."

சந்தேகத்தில் என்னையே மிஞ்சியவர்!

அவர் வெளியே தள்ளிய ஒரு ஹெடர், வேறு வகைக் கம்ப்யூட்டருக்குத் தேவை என்று சுகிர்தா ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். திட்டுவாரோ என்று பயந்தாள். "என்னயே சந்தேகப்பட்டியா? நீ பொயச்சிக்குவ" என்று பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

அவரை மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. வேலை பாதியில் நிற்கிறது. பிழை வந்தால் பதில் சொல்ல ஆள் இல்லாத மாற்றங்களைக் கெர்னலில் சேர்க்க மாட்டார்களாம். யாரும் முன்வராவிட்டால் அவர் எழுதியது அத்தனையும் குப்பை. சற்று முன் கம்பெனி சார்பில் பேசிய மோகன்குமார் சார், "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். சார், 'நாங்கள்' என்றால் யார்? ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதியவர் பெயரும் பதிவாகுமாமே, அந்த இடத்தில் யார் பெயர் வரும்? நீங்கள் தலையாட்டுவது தெரிகிறது. எதற்கு ஆட்டுகிறீர்கள் என்றுதான் தெரியவில்லை.

அதனால் சபையறியச் சொல்லிவிடுகிறேன். எழுதியவர் சாம்சன். பதில் சொல்லப்போகிறவள் சுகிர்தா. "எவன் கேட்டாலும் நான் பதில் சொல்றேன்ப்பா" என்று நேற்று அவளே சொன்னாள். மிச்சமிருக்கும் ஹெடர்களையும் அவள் குறுக்கு விசாரணை செய்தே முடிப்பாள். ஒவ்வொரு மாற்றமும் கெர்னலில் சேரும்போது நான் திறந்து பார்ப்பேன். இங்கிலீஷில் எனக்கு வேறெதுவும் படிக்க வராது. சாம்சன் என்ற பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிப் படிக்க ஷாரோன் அம்மாவிடம் கற்றுக்கொண்டுவிட்டேன்.