சாயத்தைத் தின்ற சிப்பிக்காளான்

இந்த வெற்றி வரும் என்று போன ஆடியிலேயே அறிவித்தவன் இந்தத் துலுக்கானம்! அந்த உரிமையோடு வணங்குகிறேன். படைத்தளவாடத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஓய்ந்து உட்காராத தலைவர் சிவராமன் அவர்களே! அடுக்குமாடியிலிருந்து இறங்கி வந்த ஐ.டி. செல்வங்களே! அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே! அணைக்காதவர்கள் ஓடிப்போய் அணைத்துவிட்டு வாருங்கள், பேச்சு நீளும்.

என் அண்ணன் மகள் ஷோபனாவின் சாயப்பட்டறையை ஏன் நிறுத்தினார்கள்? கால்வாயில் காலையில் கருநீலம், மாலையில் மாதுளைச் சிவப்பு! ஊதா நிறக் கொக்கு ஒன்றை இந்தக் கண்ணால் பார்த்தேன். சிரிக்காதே நடேசா, நீ அப்போது ஊரில் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி சொல்லிவிட்டார்: "நிறத்தை எடுத்துக் காட்டுங்கள். இல்லையென்றால் நிரந்தரப் பூட்டு." பட்டறையில் வேலை செய்யும் அத்தனை பெண்களின் பிழைப்பு அந்தப் பூட்டில் தொங்கியது.

வந்தார் ரோஷினி, பூஞ்சை ஆராய்ச்சி படித்தவர். சிப்பிக்காளான் அறுத்தபின் வீசுகிற வைக்கோலைக் கேட்டார். அதில் படர்ந்திருப்பது மரத்தையே மக்க வைக்கும் பூஞ்சை. அது சுரக்கும் நொதிக்கு லாக்கேஸ் என்று பெயர். மரத்தைத் தின்பவனுக்கு மஞ்சள் சாயம் எம்மாத்திரம்? சிவப்புச் சாயம் எம்மாத்திரம்? அந்த வைக்கோலை டிரம்மில் அடைத்துச் சாயத்தண்ணீரை ஊற்றினார்; தண்ணீர் நாளுக்கு நாள் வெளுத்தது.

வந்தது ஆயுத பூசை! வேலை நின்றாலும் பூசை நிற்குமா? பட்டறைப் பெண்கள் தொட்டியைத் தேய்த்தார்கள், தரையைத் தேய்த்தார்கள், டிரம்மைத் திறந்தார்கள். "ஐயே, இன்னாடி இது, வெள்ளையா பூத்துக் கீது!" பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். வேலைக்காரனைக் கொன்றுவிட்டு அவன் நாற்காலிக்கு மாலை!

ரோஷினி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதிகாரி வரும் நாளோ நெருங்கிவிட்டது. ஷோபனா யாரையும் திட்டவில்லை. "சித்தப்பா, ஆட்டோ புடி" என்றாள். கள்ளிக்குப்பம் காளான் கொட்டகையிலிருந்து புது வைக்கோல் ஏற்றி வந்தோம். அதிகாரி வந்த அன்று டிரம் தண்ணீர், வடித்த கஞ்சிபோல் வெளுத்திருந்தது. இன்று பட்டறை திறந்தாயிற்று!

அன்று அந்த அதிகாரி எதிரில் நான் என்ன செய்தேன்? டம்ளரை எடுத்தேன்! டிரம்மில் முகந்தேன்! ஒரே மடக்கு!

கைதட்டலுக்கு நன்றி. பஞ்சவர்ணம் அக்கா, என்ன கேட்கிறீர்கள்? "அப்போ நானும் ஊட்டுக்கு ரெண்டு கொடம் புடிச்சிகினு போறேன் அண்ணாத்தே" என்கிறீர்களா? ஷோபனா ஏன் என்னை முறைக்கிறாள் என்று இப்போது புரிகிறது.

வேண்டாம் அக்கா. போனது நிறம். நஞ்சும் போயிற்றா என்ற சோதனை முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை அந்தத் தண்ணீர் பட்டறைக்குள் துணி அலச மட்டுமே, ஏரிக்கு ஒரு சொட்டும் போகாது என்று ஷோபனா எழுதிக் கொடுத்துத்தான் திறந்திருக்கிறாள். யாராவது குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டால் மறுபடி பூட்டுதான்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். தலைவர் மைக்கை வாங்குவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் அந்த டிரம் தண்ணீரைக் குடிக்கவில்லை. அந்த டம்ளரில் இருந்தது டீ.