பத்திரமா இருந்தா போதும்

செருப்பைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவேன். இடுப்பெலும்பு முறிந்து வருபவர்களின் வீட்டாரிடம் முதலில் அதைத்தான் எடுத்துவரச் சொல்வேன். அடிப்பாகம் தேயாதிருந்தால் கட்டிலோடு கிடந்தவர்; குதிகால் தேய்ந்திருந்தால் ஊர் சுற்றியவர். சுற்றுபவருக்குப் புது மூட்டுதான் வைக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். மன்னிக்கவும், என்னால் உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே சொல்கிறேன்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்கும் அந்த ஓய்வுபெற்ற தபால்கார அம்மாவின் செருப்பில் ஓட்டையே விழுந்திருந்தது. மறதி நோய் முற்றியவர். மூன்று முறை வீட்டைவிட்டுப் போய், போலீஸ் கூட்டிவந்து விட்டிருக்கிறது. மகள் தூக்கமில்லாத கண்ணோடு நின்றாள்.

"நடக்கலேன்னாலும் பரவாயில்ல டாக்டர். பத்திரமா இருந்தா போதும்."

அலுத்துப்போய்ச் சொன்ன வார்த்தை. நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் செயற்கை மூட்டுகளை அளவுவாரியாக எடுத்து வைத்திருந்தார். அவற்றைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு, முறிந்த எலும்பை இணைக்க மூன்று ஸ்க்ரூ கேட்டேன்.

"எலும்பு நல்லா விலகியிருக்கு டாக்டர். இந்த வயசுல ஸ்க்ரூ நிக்காதே?"

"தெரியும் சிஸ்டர்," என்றேன். பொய் சொல்லவில்லை.

மறுநாள் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பப்பா நடக்கலாம்?" என்று கேட்டார். சீக்கிரம் என்றேன். அது பொய். ஆறாவது வாரம் ஸ்க்ரூ எலும்பைப் பிய்த்துக்கொண்டு நழுவியது. இன்னொரு அறுவை சிகிச்சையை உடம்பு தாங்காது என்று எழுதிக் கொடுத்தேன். வலிக்கு மாத்திரையும் எழுதினேன். அதில் நான் யாருக்கும் குறை வைத்ததில்லை.

அவரோடு சேர்த்துப் பதினோரு பேர். எல்லோரும் மறதி நோய்க்காரர்கள், எல்லோரும் நன்றாக நடந்தவர்கள். அதன்பிறகு ஒருவர்கூடத் தொலைந்துபோகவில்லை.

அவர்களுக்கெல்லாம் முன்பு, என் அம்மாவுக்கும் அதே மறதி நோய் வந்திருந்தது. அவளுக்கு என் கையாலேயே, இருப்பதிலேயே நல்ல மூட்டை வைத்தேன். இரண்டே மாதத்தில் கைத்தடியைத் தூக்கிப் போட்டுவிட்டாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஒரு நாள் காலையில் நடந்து போனவள் ரயில் பாதையில் கிடந்தாள். அந்த மூட்டுதான் அவளைக் கொன்றது.

அன்று வாசற்கதவைப் பூட்டாமல் வேலைக்குப் போனது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். ஆனால் கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா, கால் வேண்டாமா?